மோன் பிளாங்க் படங்களில் வானம் ஏன் வெறும் வெள்ளையாக இருக்கிறது?

கேள்வி மூன்று பகுதிகளாக வந்திருக்கிறது. 1861-இல், ஆல்ப்ஸின் மிக உயர்ந்த மலையான மோன் பிளாங்க் உச்சியில் எப்படிப் படம் எடுத்தார்கள்? அந்தக் காலத்து ஆல்ப்ஸ் படங்களில் மேகமே இல்லாத வெள்ளை வானம் ஏன்? அந்தப் படங்களை வைத்துப் பனியாறு எவ்வளவு கரைந்தது என்று சொல்வது நம்பகமானதா? முதலிரண்டுக்கும் விடை ஒரே இடத்தில், கண்ணாடித் தகட்டில் ஊற்றிய ரசாயனத்தில் இருக்கிறது. மூன்றாவதுக்குக் கடைசியில் வருகிறேன்.

1861 ஜூலையில் உச்சிக்கு ஏறியவர் பாரிஸ்காரர் ஒகுஸ்த்-ரோசாலி பிஸ்ஸோன். அண்ணனோடு சேர்ந்து ஸ்டுடியோ நடத்தியவர். மலையடிவாரத்து ஷமோனி ஊரின் புகழ்பெற்ற வழிகாட்டி ஒகுஸ்த் பல்மா முன்னே போக, 25 சுமைகாரர்கள் பின்னே போனார்கள். முந்தைய முயற்சிகள் வானிலையால் தோற்றிருந்தன. இம்முறை 4,800 மீட்டருக்கு மேல் நின்று மூன்று நெகட்டிவ் எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். மூன்று படத்துக்கு 25 ஆளா என்று சிரிக்கத் தோன்றும். கணக்குப் போட்டால் சிரிப்பு நின்றுவிடும்.

அன்றைக்குப் பெருவழக்கில் இருந்தது ஈரக் கொலோடியன் முறை. பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் 1851-இல் வெளியிட்டது. படச்சுருளும் இல்லை, கடையில் வாங்கும் தகடும் இல்லை. படம் எடுக்கும் இடத்திலேயே தகட்டைத் தயாரித்து, ஈரம் காய்வதற்குள் ஒளி காட்டி, காய்வதற்குள் டெவலப் செய்தாக வேண்டும், அதாவது மறைந்திருக்கும் படத்தை ரசாயனம் ஊற்றி எழுப்பியாக வேண்டும். சமவெளியில் சுமார் பத்து நிமிடம் கிடைக்கும், வெயிலும் காற்றும் இருந்தால் அதுவும் இல்லை. ஆகவே கேமராவோடு இருட்டறையும் மலையேற வேண்டும்.

முதலில் கண்ணாடி. ஓரங்களைச் சாணைக்கல்லால் உரசி மழுங்கடிக்க வேண்டும். கையை அறுக்காமல் இருப்பதற்கு மட்டும் இல்லை, வழுவழுப்பான ஓரத்தில் கொலோடியன் பிடிக்காமல் கழுவும்போது முழுப் படலமும் தோல் உரிவதுபோல் உரிந்து வரும் என்பதற்காக. பிறகு மெல்லிய பாறைப்பொடியும் ஆல்கஹாலும் கலந்து தேய்த்து, வாயால் ஊதினால் ஆவி ஒரே சீராகப் படிந்து ஒரே சீராக மறைகிற அளவுக்குத் துடைக்க வேண்டும். துடைப்பில் விட்ட குறை டெவலப்பரில்தான் தெரியும். அப்போது தெரிந்து பயனில்லை.

கொலோடியன் என்பது நைட்ரிக் அமிலம் ஏற்றிய பஞ்சை ஈதரும் ஆல்கஹாலும் கலந்ததில் கரைத்த பிசின். அதில் அயோடைடு, புரோமைடு உப்புகள் சேர்ந்திருக்கும். 30-க்கு 40 செ.மீ. தகடு என்றால் சுமார் 70 மி.லி.யை நடுவில் குளமாக ஊற்றி, ஆப்பச் சட்டியைச் சுழற்றுகிற மாதிரி ஒவ்வொரு மூலைக்கும் ஓடவிட்டு, நாலாவது மூலை வழியாக மிச்சத்தைப் புட்டியில் வடிக்க வேண்டும். வடியும்போது தகட்டை இடமும் வலமுமாக ஆட்டாவிட்டால் வடிந்த கோடுகள் அப்படியே உறைந்துவிடும். அடுத்தது பதம். ஓரத்தில் விரலை வைத்தால் ரேகை பதிய வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. பதத்துக்கு முன்னே வெள்ளிக் குளியலில் இறக்கினால் படலம் அழுகினாற்போல் கிழியும். தாண்டி இறக்கினால் வெள்ளி உள்ளே ஏறாது, அந்த மூலை மட்டும் வெளுத்துக் கிடக்கும்.

வெள்ளிக் குளியல் என்பது 100 மி.லி. தண்ணீருக்கு 8 கிராம் அளவில் சில்வர் நைட்ரேட், சில துளி அமிலம். அந்தத் தகட்டைச் செங்குத்தாக முழுக்க முக்கும் தொட்டிக்கு மூன்று லிட்டர் வேண்டும், அதாவது 240 கிராம் சில்வர் நைட்ரேட். மூன்று முதல் ஐந்து நிமிடம் ஊறியபின் தூக்கினால் படலம் பால் கலந்த கண்ணாடி போல இருக்க வேண்டும். மேலே எண்ணெய் ஓடியது போல் கோடுகள் தெரிந்தால் இன்னும் ஊறவில்லை என்று பொருள், திரும்ப இறக்க வேண்டும். பிறகு முதுகைத் துடைத்து, வெளிச்சம் புகாத சட்டத்தில் வைத்து, கேமராவுக்கு ஓட்டம்.

டெவலப்பர் இரும்பு சல்பேட்: 100 மி.லி.க்கு 3-4 கிராம், அதோடு கொஞ்சம் அசெட்டிக் அமிலமும் ஆல்கஹாலும். அமிலம் வேகத்தைக் கட்டுப்படுத்தும். ஆல்கஹால் திரவம் தகட்டின் மேல் தயங்காமல் பரவுவதற்கு. இதை ஒரே வீச்சில் ஓரத்திலிருந்து ஊற்ற வேண்டும். ஊற்றும் கை அரை நொடி தயங்கினால் தயங்கிய இடத்தில் ஒரு கோடு, அது எல்லாப் பிரதியிலும் வரும். இன்னொரு நுணுக்கம்: தகட்டின் மேல் இருக்கும் உபரி வெள்ளியும் டெவலப்பரும் கலந்தால்தான் படம் எழும். வேகமாக ஊற்றி வெளியே வழியவிட்டால் வெள்ளியும் சேர்ந்து போய்விடும், படம் சோகை பிடித்தது போல வரும். சமவெளிச் சூட்டில் 15 முதல் 30 நொடியில் படம் எழுந்து நிற்கும். தண்ணீர் ஊற்றி நிறுத்தி, ஹைப்போவிலோ (சோடியம் தயோசல்பேட்) பொட்டாசியம் சயனைடிலோ நிலைப்படுத்தி, கழுவி, காயவைத்து, விளக்கில் வாட்டி வார்னிஷ் பூச வேண்டும்.

இதெல்லாம் ஊருக்குள் ஒரு அறையில் நடந்தால். இதையே மலைமேல் கொண்டுபோவோம்.

சுமை முதலில். 3 மி.மீ. தடிமனில் 30-க்கு 40 தகடு ஒன்று ஏறக்குறைய 900 கிராம். ஒரு டஜன் எடுத்தால் பெட்டி நீங்கலாகவே 11 கிலோ. கேமரா, முக்காலி, தொட்டி, மூன்று லிட்டர் வெள்ளிக் கரைசல், ஈதர், ஆல்கஹால், அமிலம், ஹைப்போ, தட்டுகள், இருட்டறையாகிற கூடாரம். அதோடு இரண்டு நாளைக்குச் சாப்பாடு, கம்பளி, ஏணி, கயிறு. அப்போது 25 பேர் அதிகமாகத் தெரியாது. ஒரு சுமைகாரர் பனிப்பிளவில் சறுக்கி வெள்ளிப் புட்டி உடைந்தால் அன்றைய பயணம் வெறும் மலையேற்றம்தான். அதனால் முக்கியமான திரவங்களை இரண்டாகப் பிரித்து இரண்டு முதுகில் ஏற்றுவது புத்திசாலித்தனம்.

தண்ணீர்தான் பெரிய வில்லன். சுற்றிலும் பனி, குடிக்க ஒரு வாய் இல்லை என்கிற நிலை. அந்த அளவுத் தகடு ஒன்றைக் கழுவச் சிக்கனமாகப் பார்த்தாலும் ஒன்றிரண்டு லிட்டர் வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்குப் புதுப்பனி என்றால் பத்து லிட்டர் வாரிப் போட வேண்டும். இறுகிய பழம்பனி இரண்டு லிட்டர் போதும், ஆகவே மேல்பஞ்சை ஒதுக்கிவிட்டு அடியில் இருப்பதை வெட்டி எடுக்க வேண்டும். ஒரு லிட்டரை உருக்க ஏட்டுக் கணக்கில் 13 கிராம் ஸ்பிரிட் போதும். காற்றில் ஆடும் சுடர் அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் பாத்திரத்துக்குக் கொடுக்கும், எனவே 50 மி.லி. என்று வைத்துக்கொள்ளலாம். இதில் ஒரு நல்ல விஷயமும் உண்டு. உச்சிப்பனி உருகிய நீர் வாலைநீருக்குச் சமம், கிணற்று நீரில் இருக்கும் குளோரைடு கிடையாது. குளோரைடு இருந்தால் வெள்ளியோடு சேர்ந்து தயிர் திரிந்தது போல வெண்மையாகப் பிரியும். கீழே, பனியாற்று முகத்தில் ஓடும் பால்நிற நீருக்கு அந்த நம்பிக்கை செல்லாது. அந்த வெண்மை பனி அரைத்த பாறைத்தூள். அதில் கழுவினால் இளம்படலம் முழுக்கக் கீறல்.

பனி உருக்கும் விளக்கைக் கூடாரத்துக்குள் வைக்கலாமா என்றால், கூடவே கூடாது. ஈதர் ஆவி காற்றைவிடக் கனம், தரையில் குளம்போலத் தேங்கும். தரையில்தான் விளக்கும் இருக்கும். பனியை வெளியே காற்றுத் தடுப்புக்குப் பின்னால் உருக்கி, நீரை மட்டும் உள்ளே கொடுக்க வேண்டும். இன்றைக்கு யாராவது செய்து பார்ப்பதென்றால் முதல் விதி இது. இரண்டாவது விதி சயனைடைத் தொடாதீர்கள், ஹைப்போ போதும். சயனைடில் அமிலம் கலந்த டெவலப்பர் மிச்சம் பட்டால் எழும் வாயு, மூடிய கூடாரத்தில் ஆளையே முடித்துவிடும்.

ஈதரின் இன்னொரு குணம் உயரத்தில் வெளிப்படுகிறது. கடல்மட்டத்தில் அது 34.6 டிகிரியில் கொதிக்கும். மோன் பிளாங்க் உச்சியில் காற்றழுத்தம் பாதிக்குச் சற்று மேல்தான், அங்கே கொதிநிலை 18 டிகிரியை ஒட்டி இறங்கிவிடுகிறது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருந்தாலும் கறுப்புத் துணிக் கூடாரத்தில் வெயில் அடித்தால் உள்ளே 18 டிகிரி வருவதற்கு நேரமாகாது. அப்போது புட்டியைத் திறந்ததும் நுரை கட்டும், ஊற்றிய கொலோடியன் மூலைக்குப் போய்ச் சேருமுன் சுருங்கி மேடு தட்டும். தீர்வு இரண்டு: ஈதரைக் குறைத்து ஆல்கஹால் கூட்டிய கலவையைத் தனியாகக் கொண்டுபோவது, புட்டியைக் கூடாரத்துக்கு வெளியே பனியில் புதைத்து வைப்பது.

குளிர் செய்யும் வேலை நேர்மாறானது. வெள்ளிக் கரைசல் சுமார் மைனஸ் ஒன்றரை டிகிரியில் உறையத் தொடங்கும். உறையாவிட்டாலும் ஊறும் நேரம் நீளும். 15-30 நொடியில் எழவேண்டிய படம் ஐந்து டிகிரியில் ஒரு நிமிடம் தாண்டியும் மசமசவென்று நிற்கும். பொறுமை இழந்து டெவலப்பரை இரண்டாம் முறை ஊற்றினால் புகை மூட்டம். தூய அசெட்டிக் அமிலம் 16.6 டிகிரியிலேயே கல்லாகிவிடும், அதனால் ஊரிலேயே நீர்த்து எடுத்துப் போக வேண்டும். ஹைப்போ உப்பு கரையும்போதே தண்ணீரின் சூட்டை உறிஞ்சும், பனிநீரில் கலக்கினால் இன்னும் சில்லிட்டுப் போகும், ஆகவே அதுவும் கரைசலாகவே போக வேண்டும். கழுவிய தகட்டை அப்படியே வெளியே நிமிர்த்தி வைத்தால் ஈரம் உறைந்து, ஜன்னல் கண்ணாடியில் வருவது போன்ற இறகு வடிவப் பனிக்கோலம் படலத்தில் நிரந்தரமாக விழும். பார்க்க அழகுதான், ஆனால் மோன் பிளாங்க் அடியில் போய்விடும்.

வெளிச்சக் கசிவு எங்கிருந்து வருகிறது என்பதில் அனுபவமில்லாதவர்கள் ஏமாறுவார்கள். கூடாரத்தின் தையல்களை எல்லாம் அடைத்திருப்பார்கள், மஞ்சள் கண்ணாடி ஜன்னல் சரியாக இருக்கும், தகடு மட்டும் மூட்டமாகவே வரும். குற்றவாளி தரை. பனி ஒளியைத் தனக்குள்ளே கடத்துகிறது, அதிலும் நீல ஒளியை. கொலோடியன் பார்க்கத் தெரிந்ததும் அந்த நீலத்தைத்தான். வெளியே அடிக்கும் வெயில் பனிக்குள் புகுந்து கூடாரத்தின் அடியில் மங்கலாக எழும். பனிமேல் அடிக்கும் கூடாரத்துக்குத் தடித்த அடித்துணி வேண்டும், சுற்றுப் பாவாடையை ஒரு முழமாவது வெளியே விரித்து மேலே பனி அள்ளிப் போட வேண்டும்.

இப்போது வானத்துக்கு வருவோம்.

கொலோடியன் நீலத்தையும் ஊதாவையும்தான் பார்க்கும். பச்சைக்கு அரைக்குருடு, சிவப்புக்கு முழுக்குருடு. பைன் காடும் பழுப்புப் பாறையும் அதற்கு இருட்டு. அவற்றில் விவரம் வரும்வரை ஒளி காட்டினால் நீல வானம் பலமடங்கு கூடுதலாகப் பதிந்து, நெகட்டிவில் கட்டிக் கறுப்பாகி, பிரதியில் வெறும் காகிதமாகிவிடும். மேகம் வெள்ளை, வானம் நீலம் என்கிற வேறுபாடு நம் கண்ணுக்கு. தகட்டுக்கு இரண்டும் ஒன்று. பள்ளத்தாக்கிலிருந்து எடுத்த படங்களின் வெள்ளை வானத்துக்கு இது முழு விளக்கம்.

உச்சிப் படங்களுக்கு இது பாதி விளக்கம்தான். அங்கே வெயில் பட்ட பனி வானத்தைவிடப் பிரகாசம், அதற்கேற்ற ஒளி கொடுத்தால் வானம் சாம்பல் நிறத்திலாவது வரவேண்டும். வரவும் செய்தது, திட்டுத்திட்டாக. ஊற்றிய கோடு, டெவலப்பர் அலை, தூசி விழுந்த இடத்தில் வால்நட்சத்திரம் போன்ற புள்ளி என்று தகட்டின் எல்லாக் குற்றமும் சீரான பரப்பில்தான் பளிச்சென்று தெரியும், வானத்தைவிடச் சீரான பரப்பு எது? ஆகவே நெகட்டிவின் வானப்பகுதியை மலைவிளிம்பு வரை கறுப்பு மை தீட்டியோ காகிதம் வெட்டி ஒட்டியோ மறைத்துவிடுவது அன்றைய தொழில் வழக்கம். பிரதியில் வானம் சுத்தமாக வெளுத்துவிடும். இதை நீங்களே சோதிக்கலாம். நூலகங்கள் வெளியிட்டிருக்கும் பெரிய ஸ்கேனைத் திறந்து மலைமுகட்டின் விளிம்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒளி போட்ட விளிம்பு லேசாகக் கரைந்து நிற்கும். தூரிகை போட்ட விளிம்பு கத்தியால் வெட்டியது போல இருக்கும், சிறிய ஊசிப்பாறைகள் சில தலை சீவப்பட்டிருக்கும்.

ஒளி காட்டும் நேரம் எவ்வளவு? இன்றைய கணக்கில் கொலோடியனின் வேகம், அதாவது ஒளியுணர்வு, ஐ.எஸ்.ஓ. 1 என்று வைத்தால் அதிகம் தவறாது. நல்ல வெயிலில் லென்ஸின் எஃப் 16 துளைக்கு ஒரு நொடி, எஃப் 32-க்கு நான்கு நொடி. நிழலும் மரமும் இருந்தால் அதைப்போல் பலமடங்கு, வெறும் பனி என்றால் பாதி. ஷட்டர் கிடையாது, லென்ஸ் மூடியைக் கையால் எடுத்து மாட்டுவதுதான். பனிப்பிளவின் ஓரத்தில் எறும்புச் சாரிபோல மனிதர்கள் நிற்கும் பிஸ்ஸோன் படங்களில் யாரும் நடக்கவில்லை. நடப்பதுபோல் கால் வைத்து, மலைக்கோலை ஊன்றி, மூச்சை அடக்கி நிற்கிறார்கள்.

தூரமும் சிக்கல்தான். தொலைவு மலைகளின் மேல் நமக்கு மெல்லிய நீலத்திரையாகத் தெரியும் மூட்டம் தகட்டுக்கு வெள்ளைச் சுவர். அதனால் தொலைவுத் தொடர்கள் காணாமல் போகும். அதிகாலைச் சாய்வெயில், மழை கழுவிய மறுநாள், கிட்டே கறுத்து நிற்கும் ஒரு பாறை: இந்த மூன்றையும் அவர்கள் தேடியதற்குக் காரணம் அழகுணர்ச்சியைவிட இந்த ரசாயனக் குருடு.

நிற்கும் இடத்தையும் கருவிதான் தீர்மானித்தது. பள்ளத்தாக்கிலிருந்து அகன்ற லென்ஸில் எடுத்தால் மலை குட்டையாகிவிடும். ஓவியர்கள் சரிவைச் செங்குத்தாக்கி, முகட்டை நெட்டுக்கு நீட்டிப் பழக்கியிருந்த கண்களுக்கு முதல் புகைப்படங்கள் ஏமாற்றமாக இருந்ததில் வியப்பில்லை. கேமராவை அண்ணாந்தால் மலை பின்னால் சாய்ந்துவிடும். வழி, பெட்டியை நேராக வைத்து லென்ஸ் பலகையை மட்டும் மேலே உயர்த்துவது. அதைவிட நல்ல வழி, எதிர்மலையில் பாதி உயரம் ஏறி அங்கிருந்து நேருக்கு நேர் பார்ப்பது. இன்றைக்கு நாம் ‘மலைக்காட்சி’ என்றவுடன் மனதில் எழும் சட்டம், அதாவது கீழே பனியாறு வளைந்தோட எதிரே முகடு நிமிர்ந்து நிற்பது, அந்தப் பாதி உயரத்து முக்காலியிலிருந்து வந்தது.

அந்தச் சட்டம் வருமுன் மலை வேறாக இருந்தது. 1700-களின் தொடக்கத்தில் ஆல்ப்ஸில் டிராகன்கள் உலவுவதாகப் படிப்பாளிகளே எழுதி வைத்தார்கள். மாடு மேய்ப்பவர்களுக்குக் கோடைப் புல்வெளிக்கு மேலே ஏற வேலை இல்லை. அங்கே போனவர்கள் மலையாட்டு வேட்டைக்காரர்களும் படிகக்கல் பொறுக்குபவர்களும்தான். ஜெனீவா அறிஞர் சொசூர் 1760-இல் மோன் பிளாங்க் ஏற வழி கண்டுபிடிப்பவருக்குப் பரிசு அறிவித்தார், 1786 ஆகஸ்ட் 8-இல் ஜாக் பல்மாவும் மருத்துவர் பக்காரும் ஏறினார்கள். அதில் பல்மா படிகம் பொறுக்கியவர். 1850-களில் ஆல்பர்ட் ஸ்மித் லண்டனில் தன் மோன் பிளாங்க் ஏற்றத்தையே மேடைக் காட்சியாக ஆண்டுக்கணக்கில் நடத்திக் காசு பார்த்தார். 1860-இல் ஷமோனி இருக்கும் சவாய்ப் பகுதி பிரான்சோடு சேர்ந்ததும் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் ஷமோனிக்கு வந்தார், உடன் வந்து படமெடுத்தவர்கள் பிஸ்ஸோன்கள். புதிதாகச் சேர்ந்த மலையின் படம் அரசியலுக்கும் தேவைப்பட்டது. வியாபாரத்துக்குப் போதவில்லை போலும், உச்சிப் படம் எடுத்த சில ஆண்டுகளிலேயே அவர்களுடைய நிறுவனம் திவாலானது. சுற்றுலாப் பயணிகள் வாங்கியது பெரிய படங்களை அல்ல, இரட்டைக்கண் கருவியில் போட்டுப் பார்க்கும் கையடக்க அட்டைகளை.

ஈரத்தகடுதான் ஒரே வழியா என்றால் இல்லை. அதற்கு முந்தைய டாகரோடைப்பில் வெள்ளி பூசிய செப்புத்தகடே படம். ஆங்கிலேயக் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் 1849-இல் ஆல்ப்ஸின் மேட்டர்ஹார்ன் சிகரத்தை அதில் எடுக்க வைத்தார். கழுவும் தண்ணீர் குறைவு, ஆனால் பிரதி போட முடியாது. மெழுகிட்ட காகித நெகட்டிவ் இன்னும் வசதி: ஊரிலேயே தயாரித்து, நாள்கணக்கில் உலர்ந்தபடி வைத்திருந்து, விடுதிக்குத் திரும்பி டெவலப் செய்யலாம். உடையாது, எடையும் இல்லை. பிரெஞ்சுக்காரர் எமே சிவியால் 1859 முதல் 1868 வரை நிலவியல் ஆய்வுக்காக ஆல்ப்ஸ் முழுவதையும் அகலக்காட்சிகளாக எடுத்தது இந்தக் காகிதத்தில்தான். என் கணிப்பில் மலைக்குப் பொருத்தமான முறை அதுதான். பிஸ்ஸோன் கண்ணாடியை விடாததற்குக் காரணம் கூர்மை. காகித நார் பனியின் நுண்ணிய மடிப்புகளை மெழுகிவிடும்.

இமயத்தில் இதே ஈரத்தகட்டைச் சுமந்தவர் சாமுவேல் போர்ன். நாட்டிங்ஹாமில் வங்கி எழுத்தராக இருந்துவிட்டு 1863-இல் இந்தியா வந்தவர். 1866 பயணத்தில் 18,600 அடி மணிரங் கணவாயில் படம் எடுத்தார், உயரத்தில் அது நெடுநாள் சாதனையாக நின்றது. அவர் கடிதங்களில் இரண்டு விஷயம் கண்ணில் உறுத்தும். இமயத்தில் ஏரியும் குடிலும் இல்லை, சுவிட்சர்லாந்து போலப் படத்துக்கு அடங்கவில்லை என்ற புலம்பல் ஒன்று. சுமையைப் போட்டுவிட்டு ஓடிய கூலிகளைக் கம்பெடுத்து அடித்ததைக் கூச்சமில்லாமல் எழுதுவது இன்னொன்று. அழகான அந்த அமைதிப் படங்களைப் பார்க்கும்போது, சட்டத்துக்கு வெளியே பெட்டியை இறக்கி வைத்துவிட்டு நிற்பவர்களையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. நீலகிரியிலும் அவர் படமெடுத்திருக்கிறார். தொட்டபெட்டா உயரத்தில் ஈதர் 25-26 டிகிரியில்தான் கொதிக்கும், நிழலில் வேலை செய்தால் பெரிய தொல்லை இல்லை.

1870-களின் இறுதியில் ஜெலட்டின் உலர்தகடு கடைக்கு வந்ததும் கூடாரமும் தொட்டியும் பனி உருக்கலும் ஒரே அடியில் ஒழிந்தன. அதன் முழுப்பலனையும் எடுத்தவர் இத்தாலியின் பியெல்லா ஊர் வித்தோரியோ செல்லா. அவர் தந்தை 1856-இலேயே இத்தாலிய மொழியில் புகைப்படக் கையேடு எழுதியவர், சித்தப்பா குவின்தினோ இத்தாலிய ஆல்பைன் கழகத்தை நிறுவியவர். செல்லாவும் 1879-இல் கொலோடியனில்தான் தொடங்கினார். 1882-இல் லண்டன் டால்மேயர் நிறுவனத்திடம் 30-க்கு 40 தகட்டுக்கான கேமரா செய்து வாங்கினார், சுமார் 18 கிலோ. அதை ஆல்ப்ஸ், காகசஸ் என்று அவர் சுமந்த விதத்தைப் பார்த்தால் எடை குறையவே இல்லை என்று தெரியும். தண்ணீரில் மிச்சம் பிடித்த கனத்தைக் கண்ணாடியில் செலவழித்தார், அவ்வளவுதான். உலர்தகட்டுக்கு ஒரு புதிய நோயும் உண்டு: பனியின் கடுமொளி படலத்தைத் தாண்டிக் கண்ணாடியின் முதுகில் பட்டுத் திரும்பி, பாறை விளிம்பைச் சுற்றி ஒளிவட்டம் போடும். தகட்டின் முதுகில் செம்மண் நிறப் பசை பூசி, டெவலப் செய்யுமுன் கழுவிவிடுவது மருந்து.

வானம் கறுத்தது அதன்பிறகு. 1873-இல் ஜெர்மன் வேதியியலாளர் வோகல் சாயம் சேர்த்துத் தகட்டுக்குப் பச்சை காட்டினார், 1906-இல் சிவப்பும் பார்க்கும் தகடு விற்பனைக்கு வந்தது. மஞ்சள் வடிகட்டி போட்டால் மேகம் தெரியும், ஆழ்சிவப்பு போட்டால் நீல வானம் கறுப்பாகிவிடும். அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்செல் ஆடம்ஸ் 1927 ஏப்ரலில் யோசெமிட்டியின் ஹாஃப் டோம் பாறையை முதலில் மஞ்சளிலும், கடைசித் தகட்டைச் சிவப்பிலும் எடுத்தார். அந்தக் கறுப்பு வானம்தான் பின்னாளில் மலையின் ‘கம்பீரம்’ என்று பெயர் வாங்கியது. வெள்ளை வானமும் பொய், கறுப்பு வானமும் பொய். இரண்டாவது பொய் நமக்குப் பிடித்திருக்கிறது.

இனிப் பனியாற்றுக் கணக்கு. பழைய படம் நம்பத்தகுந்த சாட்சிதான், குறுக்கு விசாரணை செய்தால். 1850-60களில் ஆல்ப்ஸ் பனியாறுகள் பல நூற்றாண்டுகளில் மிகப் பெருத்திருந்த நிலையில் இருந்தன. புகைப்படக் கலை பிறந்ததும் பனி உச்சத்தில் இருந்ததும் ஒரே காலமாக அமைந்துவிட்டது. ஆகவே முதல் படத்தை ‘இயல்பான அளவு’ என்று எடுத்துக்கொண்டால் கணக்குத் தவறும். இடையில் 1900, 1930, 1980 என்று படங்கள் வைத்து ஒப்பிட்டால்தான் எப்போது வேகமெடுத்தது என்பது தெரியும்.

அதே இடத்தில் நின்று மறுபடம் எடுப்பதற்கு, ஓரம் வெட்டிய பிரதியை விட்டு முழுத்தகட்டின் ஸ்கேனைத் தேடுங்கள். அசையாத பாறை அடையாளங்கள் ஐந்தாறு குறித்துக்கொள்ளுங்கள், கிட்டே சில, எட்டச் சில. மரமும் உருண்டைக் கற்களும் உதவாது. கிட்டத்துப் பாறை எட்டத்து முகட்டைவிடப் பழைய படத்தில் இருப்பதற்கு வலப்பக்கமாகத் தெரிந்தால் நீங்கள் வலப்பக்கம் நகர வேண்டும். உயரமாகத் தெரிந்தால் மேலே ஏற வேண்டும். இரண்டும் பொருந்தும் புள்ளி ஒன்றே ஒன்றுதான், கவனமாகச் செய்தால் ஒரு மீட்டருக்குள் பிடித்துவிடலாம். லென்ஸ் எதுவானாலும் சரி, கொஞ்சம் அகலமாக எடுத்து வெட்டிக்கொள்ளலாம். கேமராவை அண்ணாந்துவிடக் கூடாது. ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர்தான் பருவம். புதுப்பனி மிகக் குறைவாக இருக்கும், இல்லாவிட்டால் போன வாரத்துப் பனியைப் பனியாறு என்று எண்ணிவிடுவீர்கள். நிழல்களின் சாய்வைப் பார்த்துப் பழைய படத்தின் மணியையும் பிடிக்கலாம்.

அளப்பது பக்கச் சுவரில். பனி உரசி நின்ற மட்டத்துக்கு மேலே பாறை பாசியேறிக் கறுத்திருக்கும், கீழே வெளுத்திருக்கும். அந்தக் கோட்டுக்கும் இன்றைய பனிப்பரப்புக்கும் உள்ள உயரமே இழந்த தடிமன். ஷமோனிக்கு மேலே மெர் து க்ளாஸ் பனியாற்றில் இதைக் கருவியின்றியே பார்க்கலாம். 1909-இல் அதன் ஓரத்தில் இருக்கும் மோன்தான்வேருக்கு ரயில் வந்தது. 1988-இல் பனிக்கு இறங்கக் கேபிள் கார் போட்டபோது கடைசியில் சில படி இறங்கினால் போதும். பனி தாழத் தாழப் படி கூட்டிக்கொண்டே போய் 2020-களின் தொடக்கத்துக்குள் எண்ணிக்கை ஐந்நூறைத் தாண்டியிருந்தது.

மறுபடம் எடுப்பவர்களுக்கு அங்கே ஒரு தொல்லை காத்திருக்கிறது. பிஸ்ஸோன் காலத்தவர்கள் பனியின் மேலேயே முக்காலி ஊன்றி எடுத்த படங்களும் உண்டு. அடையாளப் பாறைகளைப் பொருத்திக்கொண்டே போனால் அவர்கள் நின்ற புள்ளி பள்ளத்தாக்கின் நடுவே, இன்றைய பனிக்கு வெகு உயரத்தில், வெறும் காற்றில் வந்து நிற்கும். அங்கே ட்ரோனைத்தான் ஏற்ற வேண்டும்.